இணையவழி ஏலங்களில் பணம் செலுத்தும் முறை பற்றிய பிணக்குகள்

இணையவழி ஏலங்களில் பணம் செலுத்தும் முறை பற்றிய பிணக்கு என்பது, ஏலம் முடிந்து பொருளின் விலை உறுதியான பின்னர், அவ்விலையை எவ்வழியாகச் செலுத்துவது, எப்போது செலுத்துவது, அதற்காகும் செலவை யார் ஏற்பது என்பன தொடர்பாக வாங்குபவருக்கும் விற்பவருக்கும் இடையே எழும் கருத்து வேறுபாடு ஆகும். இவ்வகைப் பிணக்குகள் இணைய வணிகம் தொடங்கிய காலம் முதலே இருந்து வருகின்றன. ஐக்கிய அமெரிக்காவில் 1995 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஈபே ஏலத்தளமே இவற்றிற்கு மிகுதியான எடுத்துக்காட்டுகளைத் தருகிறது. எனவே இக்கட்டுரை பெரும்பாலும் அத்தளத்தையே அடிப்படையாகக் கொண்டுள்ளது.

பிணக்கின் அடிப்படை

கடையில் பொருளும் பணமும் ஒரே நேரத்தில் கைமாறுகின்றன. இணையவழி ஏலத்தில் அவ்வாறு நிகழ்வதில்லை. ஒருவரையொருவர் பார்த்திராத, வெவ்வேறு ஊர்களிலோ நாடுகளிலோ வாழும் இருவரில் ஒருவர் முதலில் தம் கையிலிருப்பதை விட்டுக்கொடுக்க வேண்டும். வாங்குபவர் முதலில் பணம் அனுப்பினால் பொருள் வராமற் போகலாம். விற்பவர் முதலில் பொருளை அனுப்பினால் பணம் வராமற் போகலாம். ஒவ்வொரு கட்டணமுறையும் இந்த இடர்ப்பாட்டை இருவரில் ஒருவர் மீது கூடுதலாகச் சுமத்துகிறது. முறையைப் பற்றிய வாக்குவாதமாகத் தோன்றுவது உண்மையில் இடர்ப்பாட்டை யார் ஏற்பது என்னும் வாக்குவாதமே ஆகும்.

சான்றாக, வங்கிப் பரிமாற்றமும் பணவிடையும் விற்பவருக்குச் சாதகமானவை. பணம் ஒருமுறை கைக்கு வந்துவிட்டால் அதனை வாங்கியவர் எளிதில் திரும்பப் பெற இயலாது. கடனட்டை வாங்குபவருக்குச் சாதகமானது. ஐக்கிய அமெரிக்காவில் 1974 ஆம் ஆண்டின் நியாயமான கடன் கணக்கிடல் சட்டத்தின்படி, அட்டை வைத்திருப்பவர் கணக்கு அறிக்கை அனுப்பப்பட்ட 60 நாட்களுக்குள் எழுத்து மூலம் முறையிட்டு, வந்து சேராத பொருளுக்கான தொகையை மறுக்க முடியும். தனியாள் காசோலை இரண்டுக்கும் இடைப்பட்டது. அது வங்கியில் தீர்வாகும் வரை விற்பவர் காத்திருக்கிறார். அதுவரை பொருளும் இன்றிப் பணமும் இன்றி வாங்கியவர் காத்திருக்கிறார்.

செலவிலும் இதே நிலை காணப்படுகிறது. பணவிடை வாங்கும் கட்டணத்தையும் அஞ்சல் தலையையும் வாங்குபவர் ஏற்கிறார். மின்னணு முறையில் செலுத்தும்போது கட்டணம் விற்பவரின் வரவிலிருந்து கழிக்கப்படுகிறது. 2000களில் பெரும்பாலான காலம் ஐக்கிய அமெரிக்காவில் பேபால் சேவையின் வழக்கமான கட்டணம் தொகையில் 2.9 விழுக்காடும் அதனுடன் 30 சென்ட்டும் ஆகும். நூறு டாலர் பொருளுக்கு இது 3.20 டாலர் மட்டுமே. ஆனால் இரண்டு டாலருக்கு விற்கும் பழைய அஞ்சலட்டைக்கு ஏறத்தாழ 36 சென்ட், அதாவது விலையில் 18 விழுக்காடு கழிந்துவிடும். அஞ்சலட்டை, அஞ்சல் தலை, பழைய இதழ்கள் போன்ற சிறு பொருள்களை விற்றவர்கள் மின்னணு முறையைக் கடுமையாக எதிர்த்ததற்கு இந்த 30 சென்ட்டே முதன்மைக் காரணம். அவர்களைப் புதுமையை விரும்பாதவர்கள் என்று கருதுவது பொருந்தாது.

காசோலைக் காலம் (1995 – 1999)

ஈபே தளத்தைப் பியேர் ஒமிடியார் 1995 செப்டம்பரில் ஆக்சன்வெப் என்னும் பெயரில் தொடங்கினார். அதில் முதலில் விற்பனையானது பழுதடைந்த ஒரு லேசர் சுட்டி எனவும், அது 14.83 டாலருக்கு விலைபோனது எனவும் கூறப்படுகிறது. தொடக்கத்தில் அத்தளம் பணம் கைமாறும் வேலையில் தலையிடவில்லை. ஏலம் முடிந்ததும் இருவரின் மின்னஞ்சல் முகவரிகளும் ஒருவருக்கொருவர் தெரிவிக்கப்பட்டன. மற்றவற்றை அவர்களே பேசித் தீர்த்துக்கொண்டனர்.

அக்காலத்தில் வழக்கமான முறைகள் தனியாள் காசோலை, அஞ்சலகப் பணவிடை, வங்கி வரைவோலை ஆகியன. உறைக்குள் பணத்தாளை வைத்து அனுப்பியவர்களும் உண்டு. கடனட்டையை ஏற்பதற்கு வணிகர் கணக்கு தேவைப்பட்டது. வீட்டுப் பரணில் இருந்த பொருளை விற்கும் தனிநபருக்கு வங்கிகள் அத்தகைய கணக்கை எளிதில் வழங்குவதில்லை. எனவே வாங்குபவருக்கு மிகவும் பாதுகாப்பான முறை, விற்பவர்களுள் மிகப் பெரும்பாலோரால் ஏற்க இயலாத முறையாக இருந்தது.

இக்காலப் பிணக்குகள் பெரும்பாலும் கால அளவு பற்றியவை. காசோலை தீர்வாக ஏழு முதல் பத்து நாட்கள் வரை பொருளை நிறுத்தி வைப்பதாக விற்பவர்கள் அறிவிப்பில் எழுதினர். ஏலத்தின் இறுதி நிமிடங்களில் விலை கேட்டவர்கள் அதனைப் படிப்பதில்லை. காசோலை அஞ்சலில் செல்ல ஒரு வாரம், தீர்வாகப் பத்து நாட்கள், பொருள் வர மற்றொரு வாரம் என ஒரு மாதம் ஓடிவிடும். இதற்குள் வாங்கியவர் பொறுமையிழந்து விற்றவரைப் பற்றி எதிர்மறைக் கருத்தைப் பதிவு செய்வார். விற்றவரும் பதிலுக்குப் பதிவு செய்வார். இத்தகைய பழிவாங்கும் பதிவுகள் பெருகியதால் ஈபே 2008 மே மாதம் முதல், விற்பவர் வாங்கியவரைப் பற்றி எதிர்மறையாகவோ நடுநிலையாகவோ கருத்துப் பதிவதை நிறுத்தியது. இதன் பின்னர், பணம் செலுத்தாதவர் மீது கருத்துப் பதிவின் மூலம் நடவடிக்கை எடுக்கும் வாய்ப்பு விற்பவருக்கு இல்லாமற் போனது.

போலி வரைவோலை

விற்பவர்கள் காசோலையைவிட வங்கி வரைவோலையை நம்பினர். வங்கியே பொறுப்பேற்று எழுதித் தருவதால் அது பணத்திற்குச் சமம் என்று கருதப்பட்டது. இந்த நம்பிக்கையே மோசடிக்கு வழிவகுத்தது. வாங்குபவராக வருபவர் விலையைவிடக் கூடுதலான தொகைக்கு வரைவோலை அனுப்புவார். மிகுதியைப் பொருளை எடுத்துச்செல்ல வரும் முகவருக்கு வெஸ்டர்ன் யூனியன் வழியாக அனுப்பிவிடுமாறு வேண்டுவார். ஐக்கிய அமெரிக்காவின் 1987 ஆம் ஆண்டுச் சட்டமொன்றின்படி, வைப்புச் செய்யப்பட்ட வரைவோலைத் தொகையை வங்கி பொதுவாக அடுத்த வேலை நாளிலேயே வாடிக்கையாளருக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும். கணக்கில் பணம் தெரிவதால் விற்பவர் வரைவோலை தீர்வாகிவிட்டது என எண்ணி மிகுதியை அனுப்பிவிடுவார். அது போலி என்பது சில வாரங்கள் கழித்தே தெரியவரும். அப்போது வங்கி முழுத்தொகையையும் விற்பவரிடமிருந்து திரும்பப் பெற்றுக்கொள்ளும். பணம் கணக்கில் தெரிவதும் பணம் உண்மையில் வந்து சேர்வதும் ஒன்றல்ல என்பதைப் பலர் இவ்வாறுதான் அறிந்தனர்.

இதற்கு மாறாக, வெஸ்டர்ன் யூனியன், மணிகிராம் போன்ற உடனடிப் பணப் பரிமாற்றத்தை வற்புறுத்திய விற்பவர்களால் வாங்குபவர்கள் ஏமாற்றப்பட்டனர். அடையாளம் தெரியாத ஒருவர் எங்கோ ஒரு முகவரகத்தில் பணத்தைப் பெற்றுச் சென்றபின் அதனைப் பின்தொடர்வது அரிது. ஆகையால் ஈபே இம்முறைகளைத் தடை செய்தது. நேர்மையான வெளிநாட்டு விற்பனையாளர்கள் சிலருக்கு இது இடையூறாக அமைந்தாலும், தடைக்கு வலுவான காரணம் இருந்தது.

விலை மிகுந்த பொருள்களுக்கு எஸ்க்ரோ எனப்படும் இடைநிலைப் பொறுப்பு முறை பரிந்துரைக்கப்பட்டது. மூன்றாவது நிறுவனம் ஒன்று பணத்தைப் பெற்று வைத்துக்கொண்டு, பொருள் வந்து சேர்ந்ததை வாங்கியவர் உறுதி செய்தபின் விற்பவருக்கு வழங்கும். கொள்கையளவில் இது அடிப்படைச் சிக்கலை முற்றிலும் தீர்க்கிறது. நடைமுறையில் அதன் கட்டணமும் தாமதமும் இருபது டாலர் பொருளுக்கு ஒத்துவரவில்லை. அத்துடன், மோசடிக்காரர்கள் போலி எஸ்க்ரோ தளங்களை உருவாக்கி, அவற்றின் வழியாகவே பணம் செலுத்துமாறு வாங்குபவர்களைக் கேட்டனர்.

பில்பாயிண்டும் பேபாலும்

1998 டிசம்பரில் மாக்ஸ் லெவ்ச்சின், பீட்டர் தீல் முதலியோர் தொடங்கிய கான்ஃபினிட்டி நிறுவனம், கையடக்கக் கருவிகளுக்கான மென்பொருளிலிருந்து படிப்படியாக மின்னஞ்சல் வழிப் பணப் பரிமாற்றத்திற்கு மாறியது. 2000 மார்ச்சில் அது எலான் மஸ்க்கின் எக்ஸ்.காம் நிறுவனத்துடன் இணைந்தது. 2001 இல் இணைந்த நிறுவனம் பேபால் என்னும் பெயரை ஏற்றது. புதிதாகச் சேர்பவருக்கும் சேர்த்துவிட்டவருக்கும் தலா பத்து டாலர் வழங்கிய அதன் உத்தி ஏலத்தளத்தில் விரைவாகப் பரவியது. விற்பவர் ஒருவர் அறிவிப்பில் பேபால் குறியை இட்டால், வாங்குபவர் அதில் சேர்ந்தார். அவர் பின்னர் விற்பவரானபோது தாமும் அக்குறியை இட்டார்.

ஈபே இதற்கு முன்பே, 1999 இல், பில்பாயிண்ட் என்னும் கட்டணச் சேவையை வாங்கியிருந்தது. 2000 இல் வெல்ஸ் ஃபார்கோ வங்கி அதில் பங்குதாரரானது. ஏலத்தளமே முன்னிறுத்திய சேவையை விட்டு விற்பவர்கள் வேறொன்றைத் தேர்ந்தது குறிப்பிடத்தக்கது. இறுதியில் 2002 ஜூலையில் ஈபே ஏறத்தாழ 150 கோடி டாலர் மதிப்பில் பேபாலை வாங்குவதாக அறிவித்தது. அக்டோபரில் அது நிறைவேறியது. அடுத்த ஆண்டில் பில்பாயிண்ட் கைவிடப்பட்டது.

பேபால் பல பழைய பிணக்குகளைத் தீர்த்துப் புதியவற்றைத் தோற்றுவித்தது. அவற்றுள் கணக்கு வகை பற்றியது அக்காலத்தில் மிகப் பரவலானது. பேபாலின் தனியாள் கணக்கு கட்டணமற்றது. ஆனால் கடனட்டையிலிருந்து வரும் பணத்தை அதில் பெற இயலாது. உயர்நிலைக் கணக்கிற்கு மாறினால் கடனட்டைப் பணத்தைப் பெறலாம். ஆனால் அதன்பின் வரும் எல்லாத் தொகைகளுக்கும் கட்டணம் உண்டு. ஆகையால் பலர் தம் அறிவிப்பில் "பேபால் ஏற்கப்படும், கடனட்டை வேண்டாம்" என எழுதினர். வாங்குபவருக்கு இது விளங்குவதில்லை. பேபாலில் தம் கடனட்டையை இணைத்திருந்தவர் வழக்கம்போலப் பணம் அனுப்புவார். விற்பவர் அதனை மறுப்பார். "பேபால் ஏற்பதாகச் சொல்லிவிட்டு மறுக்கிறார்" என்பது வாங்குபவரின் முறையீடு. "தெளிவாக எழுதியிருந்தேன்" என்பது விற்பவரின் மறுமொழி. இருவர் கூற்றும் உண்மையே. ஒரே பெயரில் இரண்டு வேறுபட்ட கட்டணமுறைகள் இயங்கியதே குழப்பத்திற்குக் காரணம்.

மற்றொன்று கூடுதல் கட்டணம் பற்றியது. பேபால் கட்டணத்தை ஈடுசெய்ய விற்பவர்கள் சிலர் மூன்று விழுக்காடு சேர்த்துக் கேட்டனர். ஈபே விதிகள் இதனைத் தடை செய்தன. ஏலத்தில் வென்ற விலைக்கு மேல், செலுத்தும் வழிக்கென்று தனியாகக் கேட்பது அறிவிக்கப்பட்ட விலையை மாற்றுவதாகும் என்பது இதற்கான நியாயம். தடைக்குப் பின் அத்தொகை பல இடங்களில் "பொதியிடல் கட்டணம்" என்னும் பெயரில் அஞ்சல் செலவுக்குள் இடம்பெயர்ந்தது.

கணக்கு முடக்கம்

சார்ஜ்பேக் எனப்படும் கட்டண மீளப்பெறல் விற்பவர்களின் பெரும் அச்சமாக இருந்தது. வாங்கியவர் தம் அட்டை நிறுவனத்திடம் முறையிட்டால், வந்து சேர்ந்த பணம் பல வாரங்களுக்குப் பின்னரும் விற்பவர் கணக்கிலிருந்து எடுக்கப்படலாம். உறுதிசெய்யப்பட்ட முகவரிக்கு, பின்தொடரும் எண்ணுடன் பொருளை அனுப்பிய விற்பவர்களுக்கு மட்டுமே பேபால் பாதுகாப்பளித்தது. இதன் ஓட்டையை மோசடிக்காரர்கள் விரைவில் கண்டுகொண்டனர். பேபால் மூலம் பணம் செலுத்திய ஒருவர் நேரில் வந்து பொருளைப் பெற்றுச் செல்வார். பின்னர் பொருள் வரவில்லை என்று முறையிடுவார். நேரில் கொடுத்ததற்கு அஞ்சல் பின்தொடர் எண் ஏது? ஆகவே அனுபவமுள்ள விற்பனையாளர்கள், நேரில் பெற வருவோரிடம் பணத்தாளை மட்டுமே ஏற்றனர். இதனை வாங்குபவர்கள் சிலர் வரி ஏய்ப்பு முயற்சி எனத் தவறாகக் கருதினர்.

ஐயத்திற்குரியவை எனத் தோன்றிய கணக்குகளைப் பேபால் முடக்கியதும் பெரும் எதிர்ப்பைச் சந்தித்தது. 2002 இல் கலிபோர்னியாவில் தொடுக்கப்பட்ட வழக்கில், பிணக்குகளை நடுவர் மன்றத்திற்கே கொண்டுசெல்ல வேண்டும் என்ற பேபாலின் ஒப்பந்த விதி நியாயமற்றது எனக் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கணக்கு முடக்கம் தொடர்பான கூட்டு வழக்கு 2004 இல் 92.5 இலட்சம் டாலர் இழப்பீட்டு உடன்பாட்டில் முடிந்தது.

சட்டத்தின் பார்வை

ஏலத்தில் விலை கேட்பது ஒப்பந்தத்திற்கு உடன்படுவதாகும். எனவே அறிவிப்பில் குறிப்பிடப்பட்ட கட்டணமுறை ஒப்பந்தத்தின் ஒரு பகுதி ஆகிறது. பணவிடை மட்டும் என்று அறிவித்த ஏலத்தில் வென்றவர், பின்னர் வேறு முறையை வற்புறுத்த உரிமையற்றவர். அதுபோலவே, பேபால் ஏற்பதாக அறிவித்தவர் ஏலம் முடிந்தபின் பணவிடைதான் வேண்டும் என்று கூற இயலாது. ஈபேயின் விதிகளும் இதையே பின்பற்றின. விற்பவர் தாம் அறிவித்த முறையை மறுத்தால், பணம் செலுத்தாதவர் என வாங்கியவர் மீது குறிப்பிடப்படும் குற்றம் செல்லாது.

அறிவிப்பில் எதுவும் கூறப்படாதபோதுதான் சிக்கல் எழுகிறது. லூசியானா தவிர ஐக்கிய அமெரிக்காவின் மாநிலங்கள் ஏற்றுள்ள சீரான வணிகச் சட்டத் தொகுப்பின் 2-511 ஆம் பிரிவு இதற்கு விடையளிக்கிறது. வணிகத்தில் வழக்கமாக உள்ள எந்த முறையில் பணம் அளித்தாலும் அது போதுமானது. சட்டப்படியான நாணயத்திலேயே வேண்டும் என்று விற்பவர் கேட்கலாம். ஆனால் அதனைத் திரட்டுவதற்குத் தேவையான கால நீட்டிப்பையும் அவர் அளிக்க வேண்டும். காசோலையால் செலுத்துவது நிபந்தனைக்குட்பட்டது எனவும், அது வங்கியால் மறுக்கப்பட்டால் பணம் செலுத்தப்படாததாகவே கொள்ளப்படும் எனவும் அதே பிரிவு கூறுகிறது. இணையம் தோன்றுவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட இவ்விதி இணைய ஏலத்திற்கும் பொருந்துகிறது. எனினும் முப்பது டாலர் பொருளுக்காக நீதிமன்றம் செல்பவர் அரிதாகையால், நடைமுறையில் ஏலத்தளத்தின் விதிகளே சட்டமாக விளங்கின. அவ்விதிகளை எழுதிய நிறுவனமே கட்டணச் சேவைக்கும் உரிமையாளராக இருந்தது அடுத்துவந்த பூசல்களுக்கு அடிப்படையாயிற்று.

தளம் தானே ஒரு தரப்பாதல்

2006 ஜூனில் கூகுள் நிறுவனம் செக்கவுட் என்னும் கட்டணச் சேவையைத் தொடங்கியது. சில நாட்களிலேயே ஈபே அதனை அனுமதிக்கப்படாத முறைகளின் பட்டியலில் சேர்த்தது. போதிய முன்வரலாறு இல்லாத சேவை என்பது கூறப்பட்ட காரணம். பேபாலுக்குப் போட்டி என்பதே உண்மையான காரணம் எனப் பலர் கருதினர். 2007 ஜூனில் பாஸ்டன் நகரில் ஈபே விற்பனையாளர் மாநாடு நடந்தபோது, செக்கவுட்டை ஆதரித்து விருந்து ஒன்றை நடத்தக் கூகுள் திட்டமிட்டது. ஈபே ஐக்கிய அமெரிக்காவில் கூகுளுக்கு அளித்து வந்த விளம்பரங்களை நிறுத்தியது. கூகுள் விருந்தைக் கைவிட்டது. செக்கவுட் சேவை 2013 இல் முடிவுக்கு வந்தது.

இதனினும் பெரியது ஆஸ்திரேலியப் பூசல். 2008 ஏப்ரலில், ஆஸ்திரேலிய ஈபே தளத்தில் ஜூன் மாதம் முதல் பேபால் அல்லது பொருளைப் பெறும்போது நேரில் பணம் ஆகிய இரண்டு வழிகளில் மட்டுமே செலுத்தலாம் என்று அறிவிக்கப்பட்டது. அந்நாட்டில் வங்கிக் கணக்கிலிருந்து கணக்கிற்கு நேரடியாகப் பணம் அனுப்பும் வழக்கம் பரவலாக இருந்தது. அதற்கு விற்பவர் எதுவும் செலவிட வேண்டியதில்லை. புதிய விதி அம்முறையை நீக்கி, ஒவ்வொரு விற்பனையிலும் ஏலக் கட்டணத்துடன் பேபால் கட்டணத்தையும் ஒரே நிறுவனக் குழுமத்திற்குச் செலுத்த வைத்தது. பேபால் வழி நடைபெறும் விற்பனைகளில் பிணக்குகள் குறைவு என்பது ஈபேயின் வாதம்.

ஒரு சேவையைப் பெற வேண்டுமாயின் வேறொரு குறிப்பிட்ட நிறுவனத்தின் சேவையையும் பெற்றாக வேண்டும் என நிபந்தனை விதிப்பது ஆஸ்திரேலியாவின் அப்போதைய வணிக நடைமுறைச் சட்டத்தின்படி தடை செய்யப்பட்டிருந்தது. எனவே ஈபே விலக்குக் கோரிப் போட்டி மற்றும் நுகர்வோர் ஆணையத்திற்கு அறிவிப்பு அளித்தது. ஆணையம் பொதுமக்களின் கருத்தைக் கேட்டபோது நூற்றுக்கணக்கான மனுக்கள் குவிந்தன. அவற்றுள் பெரும்பாலானவை எதிர்ப்பு மனுக்கள். பெயர் மறைத்து அளிக்கப்பட்டிருந்த விரிவான மனு ஒன்று கூகுளால் எழுதப்பட்டது என்பது மின்கோப்பின் உள்விவரங்களிலிருந்து வெளியானது. 2008 ஜூனில் ஆணையம் விலக்கை நீக்கப்போவதாக வரைவு அறிவிப்பை வெளியிட்டது. ஜூலையில் ஈபே திட்டத்தைத் திரும்பப் பெற்றது. ஆனால் விற்பவர் ஏற்கும் முறைகளுள் ஒன்றாகப் பேபால் இருந்தாக வேண்டும் என்ற விதி நிலைத்தது. வாங்குபவர் விரும்பினால் வங்கி வழியே செலுத்தலாம் என்ற உரிமை காப்பாற்றப்பட்டதே எதிர்ப்பாளர்களின் வெற்றி.

ஐக்கிய அமெரிக்காவில் அத்தகைய தடை ஏதும் குறுக்கிடவில்லை. 2008 அக்டோபர் முதல் பெரும்பாலான பொருள்களுக்குக் காசோலையும் பணவிடையும் விலக்கப்பட்டு, மின்னணு முறைகளே அனுமதிக்கப்பட்டன. வங்கிக் கணக்கோ கடனட்டையோ இல்லாமல் பணவிடை மூலம் வாங்கிவந்த முதியவர்களும் இளையவர்களும் இதனால் விலக நேரிட்டது.

பிற நாடுகள்

ஜெர்மனியில் 1999 இல் அலாண்டோ என்னும் ஏலத்தளத்தை வாங்கி ஈபே நுழைந்தது. அங்கு முன்கூட்டியே வங்கிப் பரிமாற்றம் செய்வதே இயல்பான முறையாக இருந்தது. பேபாலின் வாங்குபவர் பாதுகாப்பு பரவிய பின்னர் வேறொரு கேள்வி எழுந்தது. பேபால் வாங்கியவருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் வழக்கு முடிந்துவிட்டதா? 2017 நவம்பர் 22 அன்று ஜெர்மானியக் கூட்டாட்சி நீதிமன்றம் இரண்டு வழக்குகளில் இதற்கு விடையளித்தது. ஒன்றில், காப்பீடு இன்றி அனுப்பப்பட்ட கைப்பேசி வந்து சேரவில்லை. மற்றொன்றில், உலோகம் அறுக்கும் இயந்திர வாள் படத்தில் கண்டபடி இல்லை என்று வாங்கியவர் கூறினார். இரண்டிலும் பேபால் வாங்கியவருக்குப் பணத்தைத் திருப்பியளித்திருந்தது. பேபாலின் ஆய்வு எளிமைப்படுத்தப்பட்டது, அது நீதிமன்றத் தீர்ப்பு ஆகாது, எனவே பணம் திருப்பியளிக்கப்பட்டவுடன் விலையைக் கோரும் விற்பவரின் உரிமை மீண்டும் உயிர்பெறுகிறது என்று நீதிமன்றம் கூறியது. பேபாலைப் பயன்படுத்த ஒப்புக்கொண்ட இருவரும் இதற்கும் உள்ளுறையாக ஒப்புக்கொண்டதாகவே கருதப்படுவர். 2020 இல் அமேசான் தளத்தின் பாதுகாப்பு உறுதி தொடர்பாகவும் அதே நீதிமன்றம் இவ்வாறே தீர்ப்பளித்தது. கட்டணச் சேவையின் முடிவு இறுதியானது என்னும் பரவலான எண்ணத்தை இத்தீர்ப்புகள் மறுப்பதால் இவை கவனத்திற்குரியவை.

சீனாவில் எஸ்க்ரோ முறை வெற்றி பெற்றது. 2003 இல் அலிபாபா குழுமம் தொடங்கிய தாவோபாவ் தளம், அதே ஆண்டு அக்டோபரில் அலிபே முறையை அறிமுகப்படுத்தியது. பொருள் கைக்கு வந்து வாங்கியவர் இசைவளிக்கும் வரை பணம் இடையில் நிற்கும். கடனட்டைப் பாதுகாப்பு பரவலாக இல்லாத நாட்டில் அன்னியருடன் வணிகம் செய்ய இது தயக்கத்தைப் போக்கியது. அங்கு ஈச்நெட் நிறுவனத்தை வாங்கி நுழைந்த ஈபே பின்தங்கியதற்குப் பல காரணங்கள் உண்டு. பணம் செலுத்தும் முறையில் முந்திக்கொள்ளத் தவறியது அவற்றுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. 2006 இறுதியில் ஈபே தன் தனித்தளத்தை அங்கு கைவிட்டுக் கூட்டு முயற்சிக்கு மாறியது.

இந்தியாவில் பாசி.காம் தளத்தை 2004 இல் ஈபே ஏறத்தாழ 5 கோடி டாலருக்கு வாங்கியது. உள்நாட்டு விற்பனைகளுக்குப் பைசாபே என்னும் முறை பயன்பட்டது. கடனட்டை அல்லது இணைய வங்கி வழியாக வாங்குபவர் செலுத்தும் தொகையைத் தளம் முதலில் பெற்று, பொருள் அனுப்பப்பட்டதை உறுதிசெய்த பின்னர் விற்பவருக்கு வழங்கியது. ஐக்கிய அமெரிக்காவில் பரிந்துரையாக மட்டும் இருந்த இடைநிலைப் பொறுப்பு முறை இங்கு வழக்கமான முறையாகவே அமைந்தது. இந்திய ஈபே 2017 இல் ஃபிளிப்கார்ட்டிடம் ஒப்படைக்கப்பட்டு, 2018 ஆகஸ்டில் மூடப்பட்டது.

2015 இற்குப் பின்

2015 ஜூலையில் பேபால் ஈபேயிலிருந்து பிரிந்து தனி நிறுவனமானது. 2018 ஜனவரியில், நெதர்லாந்தைச் சேர்ந்த அடையென் நிறுவனத்தின் துணையுடன் பணம் பெறும் வேலையைத் தானே ஏற்கப்போவதாக ஈபே அறிவித்தது. அடுத்த சில ஆண்டுகளில் விற்பவர்கள் அனைவரும் படிப்படியாகப் புதிய முறைக்கு மாற்றப்பட்டனர். வாங்குபவர் அட்டை, பேபால் முதலிய எவ்வழியிலும் செலுத்தலாம். பணம் ஈபேக்குச் சென்று, அங்கிருந்து விற்பவரின் வங்கிக் கணக்கை அடைகிறது. எம்முறையை ஏற்பது என்னும் தேர்வு இதனால் விற்பவரின் கையைவிட்டு முற்றிலும் நீங்கியது.

பத்தாண்டுகளுக்கு முன் பேபாலை எதிர்த்த விற்பனையாளர்களுள் சிலர் இப்போது பேபால் கணக்கில் பணம் பெற இயலாமையை எதிர்த்தது வியப்பூட்டுவது. வங்கிக் கணக்கு எண்ணையும் அடையாள விவரங்களையும் ஏலத்தளத்திடம் நேரடியாகக் கொடுக்க அவர்கள் தயங்கினர். அஞ்சல் செலவும் விற்பனை வரியும் சேர்ந்த மொத்தத் தொகையின் மீது விழுக்காட்டுக் கட்டணம் கணக்கிடப்படுவது மற்றொரு மனக்குறை. தாம் அரசுக்கு ஒருபோதும் கையால் தொடாத வரித்தொகைக்கும் கட்டணம் செலுத்துவது முறையா என்பது அவர்களின் கேள்வி.

எவ்வழியே செலுத்துவது என்னும் பழைய வாக்குவாதம் இவ்வாறு பெருமளவு மறைந்தது. செலுத்தாமலே விடும் சிக்கல் மறையவில்லை. நிலைத்த விலைக்கு உடனே வாங்கும் பொருள்களுக்கு முன்பணம் கட்டாயமாக்கலாம். ஏலத்தில் இறுதி விலை முன்கூட்டித் தெரியாததால் அது எளிதன்று. வென்றவருக்குச் செலுத்த நான்கு நாட்கள் உண்டு. அதன்பின் விற்பவர் விற்பனையை நீக்கலாம். அண்மைய ஆண்டுகளில் சில ஏலங்களில் விலை கேட்பதற்கு முன்பே கட்டணமுறையைப் பதிவு செய்யுமாறு ஈபே கேட்கிறது. வென்றால் தொகை தானாகவே எடுக்கப்படும். நேரில் பெறும் பொருள்களுக்கு, வாங்கியவரிடம் உள்ள ஆறிலக்கக் குறியீட்டை விற்பவர் பதிவு செய்து ஒப்படைப்பை உறுதிப்படுத்தும் முறை ஐக்கிய அமெரிக்காவில் நடைமுறைக்கு வந்துள்ளது. நேரில் பொருளைப் பெற்றுக்கொண்டு வரவில்லை என்று முறையிடும் பழைய மோசடிக்கு இது ஒரு மறுமொழி ஆகும்.